ஓல்டு ஃபோர்டின் மூடாத தேக்கம்: கிழக்கு லண்டன் காலரா 1866, ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் காலரா என்றதும், அதன் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று 1854-இல் சோஹோ பகுதியில் கைப்பிடி கழற்றப்பட்ட அந்தத் தெருப் பம்பு நினைவுக்கு வரும். பன்னிரண்டு ஆண்டு கழித்து நகரின் கிழக்குப் பக்கத்தில் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. குடிநீர் வாரியத்திலோ நகராட்சி சுகாதாரப் பிரிவிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டாவது நிகழ்வில்தான் படிக்க அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். சோஹோவில் எல்லாமே பழைய ஏற்பாடு. கிழக்கு லண்டனில் சட்டம் இருந்தது, வடிகட்டி இருந்தது, லட்சக்கணக்கான பவுண்டு செலவு செய்த பாதாளச் சாக்கடையும் ஏறக்குறைய முடிந்திருந்தது. அப்படியிருந்தும் ஒரே கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள்.

நோய் கண்ட வீட்டார், தொழிலாளிகள், புகார் கொடுத்தவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

1832, 1848–49, 1853–54 என்று லண்டன் மூன்று காலராக்களைப் பார்த்திருந்தது. இரண்டாவதில் சுமார் 14,000 பேரும் மூன்றாவதில் 10,000-க்கு மேற்பட்டவர்களும் இறந்தார்கள். குடிநீர் கொடுத்தவை தனியார் கம்பெனிகள். நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தன. கிழக்கே பெரும்பகுதிக்குத் தண்ணீர் விட்டது கிழக்கு லண்டன் வாட்டர்வொர்க்ஸ் கம்பெனி. தேம்ஸில் வந்து விழும் லீ என்ற ஆறுதான் அதன் நீராதாரம். லீ ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடல் ஓதம் ஏறி இறங்கும். கரை நெடுகத் தொழிற்சாலைகள், சாக்கடைகள், நெருக்கியடித்த குடியிருப்புகள்.

1852-இல் பெருநகரக் குடிநீர்ச் சட்டம் வந்தது. வீட்டுக்கு விடும் தண்ணீர் 1855 முடிவதற்குள் வடிகட்டப்பட்டாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து ஐந்து மைலுக்குள் இருக்கும் குடிநீர்த் தேக்கங்களுக்குக் கூரை போட வேண்டும். பிறகு வடிகட்டப்போகும் தண்ணீர் என்றால் மட்டும் விலக்கு. கம்பெனியும் செய்தது. ஆற்றின் மேற்பகுதியில் லீ பிரிட்ஜ் என்ற இடத்தில் மணல் வடிகட்டிப் படுகைகள் கட்டினார்கள். வடிகட்டிய தண்ணீர் குழாய் வழியே கீழே ஓல்டு ஃபோர்டு என்ற இடத்துக்கு வந்து, மூடிய தேக்கத்தில் நின்று, அங்கிருந்து பம்பு மூலம் தெருக்களுக்குப் போனது.

ஓல்டு ஃபோர்டில் பழைய தேக்கங்கள் இரண்டு திறந்தபடியே கிடந்தன. வடிகட்டி வருவதற்கு முந்தைய காலத்தவை. அவற்றுக்கும் விநியோகத்துக்கும் இடையே இருந்த பாதையை யாரும் உடைத்து எடுக்கவில்லை, கல் வைத்து அடைக்கவும் இல்லை. ஒரு மதகு மட்டும் சாத்தியிருந்தது. இந்த வழக்கின் மொத்தப் பாரமும் அந்த மதகின்மேல்தான் நிற்கிறது.

சாக்கடைப் பக்கம் என்ன நிலை? 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே முகத்தைச் சுளித்த பிறகு, பெருநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேஸல்ஜெட்டுக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. ஆற்றில் விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, நகருக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோய் விடும் திட்டம் அது. தென்கரைக்கான கிராஸ்னெஸ் நிலையத்தை 1865-இல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். வடகரையில் மேட்டுப்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் உரிய சாக்கடைகள் ஓட ஆரம்பித்திருந்தன. தாழ்வான பகுதிக்கான சாக்கடை மட்டும் பாக்கி. அதில் வரும் கழிவுநீரை மேலே தூக்கிவிட ஆபி மில்ஸில் ஒரு நீரேற்று நிலையம் வேண்டும். அது இன்னும் கட்டி முடியவில்லை. கிழக்கு லண்டனில் குழாய் மண்ணுக்குள் பதித்தாகிவிட்டது, ஆனால் வேலை செய்யவில்லை. கழிவு பழையபடியே லீயில் விழுந்துகொண்டிருந்தது.

முதல் சாவுகள்

1866 ஜூன் 27. ஆற்றோரம் ப்ராம்லி பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் ஒரே நாளில் காலராவில் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் விட்டுக் கழுவும் கக்கூஸ் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றம்தான். அதன் கழிவு ‘போ’ என்ற பெயருடைய பாலத்தருகே லீ ஆற்றில் போய் விழுந்தது. பாலம் ஓல்டு ஃபோர்டு தேக்கங்களுக்குச் சுமார் அரை மைல் கீழே. சாதாரண ஆறு என்றால், கீழே விழுந்தது மேலே வராது என்று விட்டுவிடலாம். இங்கே ஓதம் ஏறும்போது தண்ணீர் மேல்நோக்கித் தள்ளப்படும்.

இரண்டு சாவு என்பது அந்தப் பகுதியில் யாரையும் உலுக்கவில்லை. அந்த ஆண்டு ஐரோப்பாவில் காலரா பரவலாக இருந்தது. துறைமுக நகரில் அங்கொன்றும் இங்கொன்றும் வருவது எதிர்பார்த்ததே. ஜூலை நடுவில் கணக்கு திடீரென்று எகிறியது. பெத்னல் கிரீன், வைட்சேப்பல், ஸ்டெப்னி, பாப்லர், மைல் எண்ட் என்று ஒன்றுக்கொன்று தொட்டடுத்த வட்டாரங்களில் ஒரே சமயத்தில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் சாவு விழ ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு தொற்றிப் பரவும் நோய் இப்படி வராது. ஒரு மூலையில் பிடித்து, மெல்ல ஊர்ந்து அடுத்த தெருவுக்குப் போகும். இது ஒரே கையால் தெளித்ததுபோல வந்தது.

கவனித்தது: ஒரு கணக்கேடு

வில்லியம் ஃபார் பிறப்பு இறப்புப் பதிவாளர் தலைமை அலுவலகத்தின் புள்ளிவிவர அதிகாரி. லண்டனின் ஒவ்வொரு சாவும் வாரா வாரம் அவர் மேசைக்கு வந்துசேரும். இதே ஃபார்தான் 1849 காலராவை அலசி, தேம்ஸ் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் குடியிருக்கிறார்களோ அவ்வளவுக்குச் சாவு குறைகிறது என்று காட்டியவர். நோய் தரும் கெட்ட காற்று தாழ்வான இடத்தில் தேங்குகிறது என்ற கொள்கைக்கு அது நன்றாகவே பொருந்திப்போனது. 1854-இல் மருத்துவர் ஜான் ஸ்னோ தென் லண்டனில் இரண்டு கம்பெனிகளின் வாடிக்கையாளர்களை ஒப்பிட்டு, நகருக்குள்ளேயே தேம்ஸ் நீரை எடுத்த கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு, ஆற்றின் மேற்பகுதிக்குப் போய் எடுத்த கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 37 சாவு என்று காட்டினார். அப்போதும் ஃபார் முழுக்க மனம் மாறிவிடவில்லை. ஆனால் கணக்கை மறக்கவில்லை. ஸ்னோ 1858-இல் காலமாகிவிட்டார்.

1866-இல் ஃபார் முதலில் செய்தது இதுதான்: சாவுகளைப் பேட்டை வாரியாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பிரித்து அடுக்கினார். ஒரே கம்பெனியின் எல்லைக்குள் குவிந்து கிடந்தது சாவு. பக்கத்திலேயே வேறு கம்பெனியின் தண்ணீர் குடித்த வட்டாரங்கள் பெரிதாக அடிபடவில்லை. ஏழ்மை, நெரிசல், நாற்றம் எல்லாம் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்தன, தண்ணீர்தான் வேறு.

அரசியின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலின் மருத்துவ அதிகாரி ஜான் சைமன் அனுப்பி, ஜான் நெட்டன் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் களத்தில் இறங்கினார். ஃபாரின் கணக்கை அவர் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். கம்பெனியின் எல்லைக்குள்ளேயே இரண்டு பிரிவு உண்டு. லீ பிரிட்ஜிலிருந்து நேரடியாகத் தண்ணீர் போன வடபகுதி பெரும்பாலும் தப்பியிருந்தது. ஓல்டு ஃபோர்டு வழியாகத் தண்ணீர் பெற்ற பகுதிதான் அடிவாங்கியிருந்தது. ஆறு ஒன்று, கம்பெனி ஒன்று, வடிகட்டியும் ஒன்று. கோளாறு வடிகட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கோ என்பது இதோடு தெளிவானது. மொத்த ஆய்விலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு வரைபடமும் ஒரு சாவுப் பட்டியலும் போதுமாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

கிருமி இன்னதென்று அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. இத்தாலியில் பச்சினி என்ற மருத்துவ ஆய்வாளர் 1854-இலேயே நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் அதைப் பிரித்துக் காட்டியது 1884-இல். தண்ணீரைச் சோதித்த வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாந்துக்கும் வேதிச் சோதனையால் காலரா நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது என்பது தெரிந்தே இருந்தது. ஆக, ஆய்வுக்கூடத்திலிருந்து சான்று வராது. இருக்கிற கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில், கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று பகுதியெங்கும் அறிவிப்பு ஒட்டினார்கள். காரணம் உறுதிப்படும்வரை காத்திராமல் இதைச் செய்தது சரியான முடிவு. ஆனால் அந்தத் தெருக்களில் ஒரு குடும்பம் ஒரே அறையில் இருக்கும். கோடையில் அடுப்பு மூட்டக் கரி காசு. குழாயில் தண்ணீர் வருவதும் நாளுக்குக் கொஞ்ச நேரம்தான். பல சந்துகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாயடி. பிடித்து வைத்த தண்ணீர் பீப்பாயிலும் தொட்டியிலும் நாள்கணக்கில் நிற்கும். காய்ச்சிக் குடி என்று சொல்வது சுலபம், அதைச் செய்ய அந்த வீட்டில் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி.

பேட்டை மருத்துவ அதிகாரிகள் வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள், கழிவுக்குழிகளிலும் சாக்கடைகளிலும் கிருமிநாசினி ஊற்றினார்கள், நோயாளிகளை மருத்துவமனைக்குச் சேர்த்தார்கள்.

ஃபார் இரண்டு பேருக்கு எழுதினார்: கம்பெனியின் பொறியாளர் சார்ல்ஸ் கிரீவ்ஸுக்கும் பேஸல்ஜெட்டுக்கும். பேஸல்ஜெட்டின் பதிலில் ஒளிவுமறைவு இல்லை. துரதிர்ஷ்டவசமாக எங்கள் வேலை முடியாத இடம் அதுவேதான், சாக்கடை பதித்தாகிவிட்டது, ஆபி மில்ஸ் அடுத்த கோடைக்கு முன் தயாராகாது என்று எழுதினார். கையோடு, அங்கே தற்காலிகப் பம்புகளை நிறுத்தி அந்தப் பகுதிக் கழிவை ஆற்றில் விடாமல் இறைக்கவும் ஏற்பாடு செய்தார்.

மறுப்பும் விலாங்கும்

கம்பெனியின் பதில் வேறு மாதிரி. சில ஆண்டுகளாக எந்தத் தேவைக்கும் ஒரு சொட்டு வடிகட்டாத தண்ணீர்கூட விட்டதில்லை என்று கிரீவ்ஸ் தி டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நகரமே படிக்கிற பத்திரிகை அது.

சரி, வடிகட்டிய தண்ணீர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குள் விலாங்கு மீன் கிடந்ததாகச் சொன்னார்கள். மணல் வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத தூசியே தங்கிவிடும். விலாங்கு எந்த வழியாக வந்தது? குஞ்சாக நுழைந்து குழாய்க்குள்ளேயே வளர்ந்தது என்று சொன்னாலும், அந்தக் குஞ்சு திறந்த நீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வேதியியலாளர் சொல்ல முடியாததை ஒரு மீன் சொல்லிவிட்டது.

வட்டாரவாசிகள் சிலர் 1852 சட்டம் கொடுத்த உரிமைப்படி அரசுத் துறையான வர்த்தக வாரியத்துக்கு மனு கொடுத்தார்கள். வாரியம் கேப்டன் டைலரை விசாரணைக்கு அனுப்பியது. கம்பெனியில் வேலைபார்த்த ஒரு தச்சர் விசாரணையில் வாய் திறந்தார். மேஸ்திரி சொன்னதன் பேரில் மதகைத் திறந்து, மூடாத தேக்கத்துத் தண்ணீரை விநியோகத்தில் விட்டது தானே என்றார். 1866-இல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இது நடந்திருந்தது. ஆற்றுநீர் கரைமண் வழியாக அந்தத் தேக்கங்களில் கசிந்து சேர்வதும் வெளிவந்தது. சட்டம் மீறப்பட்டது உறுதியானது.

கிரீவ்ஸ் தெரிந்தே பொய் எழுதினாரா, மதகில் நடந்தது அவருக்கே தெரியாதா? எப்படியிருந்தாலும் நிர்வாகத்துக்குக் கெட்ட பேர்தான். தெரிந்து எழுதினால் மோசடி. தெரியாமல் எழுதினால், லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீரின் மதகு ஒரு மேஸ்திரியின் வாய்மொழிக்குத் திறந்து மூடியிருக்கிறது, எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது. மேஸ்திரி பக்கமிருந்து பார்த்தால் அதில் விஷமம் ஏதும் இருந்திருக்க வேண்டியதில்லை. பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, மூடிய தேக்கத்தில் நீர் குறைகிறது, பக்கத்தில் நிறையத் தண்ணீர் கிடக்கிறது. கை தானாகப் போயிருக்கும்.

எதிர்வாதமும் பலமாகவே இருந்தது. தொடர்பு இருக்கிறது என்பதால் தண்ணீர்தான் காரணம் என்று ஆகிவிடாது என்றார்கள் கம்பெனிக்குச் சார்பாகப் பேசிய நிபுணர்கள். அந்தத் தம்பதியின் கழிவுதான் தேக்கத்துக்குப் போனது என்பதை இன்றும் ஆதாரத்தோடு நிரூபிக்க முடியாது. லீ ஆற்றில் அப்போது வேறு நோயாளிகளின் கழிவும் கலந்திருக்கலாம். ஓல்டு ஃபோர்டு தண்ணீர் என்ற பொது முடிவுக்கு அந்த ஒரு வீடு தேவையும் இல்லை.

தொடர்ந்து நடந்தது

ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாண்டியதும் சாவு இறங்க ஆரம்பித்தது. லண்டன் முழுவதும் 5,500-க்கு மேல் இறந்தார்கள், பெரும்பங்கு கிழக்கில். முந்தைய காலராக்களில் நகரெங்கும் சிதறிக் கிடந்த சாவு, இந்த முறை ஒரு கம்பெனியின் பாதி எல்லைக்குள் அடங்கியிருந்தது. மற்ற இடங்களில் புதிய சாக்கடையும் வடிகட்டியும் வேலை செய்தன என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஃபார் தன் அறிக்கையில் ஒரு கசப்பான கிண்டல் செய்தார். தண்ணீரைப் போலக் காற்றை லண்டனுக்குக் கம்பெனிகள் விற்பதில்லை, அதனால்தான் காற்றுக்காகப் பேச ஆளில்லாமல் பழியெல்லாம் அதன் தலையில் விழுந்தது என்றார். கெட்ட காற்றுக் கொள்கையை வளர்த்ததில் பங்குள்ளவரே இதைச் சொன்னது பலரை யோசிக்கவைத்திருக்கும்.

அந்த ஆகஸ்டிலேயே புதிய சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. ஆபி மில்ஸ் 1868-இல் திறந்தது. அதன்பின் லண்டனில் காலரா கொள்ளைநோயாக எழவில்லை. 1892-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றபோதும் லண்டன் தப்பியது. ஹாம்பர்க் அப்போது எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், வடிகட்டிக் கொடுத்த ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு.

எதை மாற்றியிருக்க வேண்டும்

பழைய தேக்கங்களின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் எந்தத் தண்ணீரை விடக்கூடாது என்று எழுதினார்கள், அதை விடக்கூடிய பாதை இருக்கக்கூடாது என்று எழுதவில்லை. குழாயை வெட்டி இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தால் மேஸ்திரி என்ன சொன்னாலும் தச்சரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. புதிய சுத்திகரிப்பு நிலையம் ஓட ஆரம்பிக்கும் அன்றே, பழையதன் ஒவ்வொரு இணைப்பும் எங்கே துண்டிக்கப்பட்டது என்று வரைபடத்தில் கையெழுத்தோடு காட்டாமல் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பேன்.

ஃபார் அடுக்கிய கணக்கை அவர் நோய் வந்தபிறகுதான் அடுக்கினார். 1854 தென் லண்டன் எண்கள் கையில் இருந்தும், வாராந்தரப் பட்டியல் வழக்கமாகப் பேட்டை வாரியாகவே வந்தது. ஜூலை முதல் வாரத்திலேயே நீராதார வாரியாகப் பார்த்திருந்தால் சில நாள்கள் மிச்சமாகியிருக்கும், அந்த ஜூலையில் சில நாள் என்பதே நூற்றுக்கணக்கான உயிர்.

தற்காலிகப் பம்பு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சாவு விழுந்தபிறகு அவசரமாக நிறுத்த முடிந்ததை அதற்கு முன்பே நிறுத்தியிருக்கலாம். திட்டப்படி நிரந்தர நிலையம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். நகரின் மேட்டுப்பகுதிகள் முதலில் பயன்பெற, தாழ்வான ஏழைப் பகுதி கடைசியில் நின்றது. பொறியியலாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது: மேட்டுக்குப் பம்பு தேவையில்லை, தானாக ஓடும். ஆனால் குடிக்கும் தண்ணீர் கழிவோடு ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொண்ட இடம் எது என்று பார்த்து வரிசை போட்டிருந்தால், லீ ஆற்றங்கரைக்குத்தான் முதலில் இறைத்திருப்பார்கள்.

வீட்டுத் தொட்டியில் பிடித்து வைக்கும் பழக்கத்தைப் போக்க, இருபத்துநான்கு மணிநேரத் தண்ணீருக்கு 1871 சட்டம் வழிவகுத்தது. நடைமுறைக்கு வர வெகுகாலம் ஆனது. 1890-களின் வறட்சியில் இதே கம்பெனி இதே கிழக்கு லண்டனுக்கு மறுபடி நாளுக்குச் சில மணிநேரம்தான் தண்ணீர் விட்டது. மக்கள் தெருவில் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். 1902 சட்டத்தின்படி பெருநகரக் குடிநீர் வாரியம் அமைந்து, 1904-இல் கம்பெனிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.